ஸ்கேன் அறிக்கையும் நாமும்

கலசப்பாக்கத்திலிருந்து வேலூர் சென்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரும் உறவினருக்கு அறிக்கையைப் படித்துச் சொல்பவர் நீங்களே. மூளையில் வெண்புள்ளிகள் என்றிருந்தால் உடனே கலங்காதீர். நரம்பின் மேலுறை சிதையும் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ நோயில் மட்டுமன்றி, ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், முதுமை இவற்றாலும் புள்ளிகள் தோன்றும். அவை அமைந்த இடத்தையே மருத்துவர் முதலில் நோக்குவார். ஊசிமருந்து செலுத்தி எடுத்த படத்தில் ஒளிர்பவை புதியவை.

தண்டுவடப் படமே நம் நாட்டில் பெரிதும் கவனிக்கத்தக்கது. அங்குள்ள பாதிப்பு மூன்று முள்ளெலும்பு நீளமோ மேலோ இருப்பின், ‘நியூரோமையலைட்டிஸ் ஆப்டிக்கா’ என்னும் வேறு நோயை ஐயுறல் வேண்டும். அதற்குரிய எதிர்ப்பொருள் 2004-இல் கண்டறியப்பட்டது. இரத்தத்தில் அதைச் சோதிக்கலாம். முன்னதற்குத் தரும் சில மருந்துகள் பின்னதை முற்றச் செய்யும். ஆகவே, அச்சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.