நாலரை டன் தண்ணியும் ஒரு கொண்டை ஊசி வளைவும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பெருமாள்மலையிலிருந்து பேசுகிறேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நம்ம ஸ்டுடியோ ஒரு வெல்டிங் பட்டறையின் பின்கட்டுதான்.

இன்றைக்குத் தீயணைப்பு வண்டி கட்டுகிற தொழிலைப் பற்றிப் பேசலாம். நான் அந்த வேலையில் பதினோரு வருஷம் இருந்தவன். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, வெல்டிங் கற்றுக்கொண்டு, அப்புறம் வெளியூரில் தீயணைப்பு வண்டி கட்டுகிற ஒரு கம்பெனிக்குப் போனேன். கம்பெனி பேர் வேண்டாம். நல்லதும் கெட்டதும் கலந்து சொல்லப்போகிறேன், அதனால்தான்.

முதலில் ஒரு விஷயம். நம்ம நாட்டில் சாதாரணமாக ஓடுகிற தீயணைப்பு வண்டியை ஒரே கம்பெனி முழுசாகச் செய்வது குறைவு. அசோக் லேலண்ட், டாடா, ஐஷர் மாதிரி கம்பெனிகளிலிருந்து சேஸிஸ் வரும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் இருக்கும், பின்னாடி வெறும் சட்டம். அதுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி, பம்பு, குழாய்கள், ஹோஸ் வைக்கிற அலமாரி, ஏணி, சைரன் எல்லாம் வைத்து வண்டியாக்குவது பாடி கட்டுகிறவர் வேலை. பெரும்பாலும் பம்புக்குத் தனி எஞ்சின் கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு, பி.டி.ஓ. என்கிற இணைப்பைப் போட்டால் அதே எஞ்சின் சக்கரத்தை விட்டுவிட்டுப் பம்பைச் சுற்றும்.

நம்ம ஊரில் நீங்கள் பார்க்கிற பெரிய சிவப்பு வண்டிக்கு வாட்டர் டெண்டர் என்று பெயர். சாதாரணமாக 4500 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக நாலரை டன். இரும்பு மூட்டை நாலரை டன் ஏற்றினால் அது இருக்கிற இடத்தில் இருக்கும். தண்ணி அப்படி இல்லை. பிரேக் பிடித்தால் முன்னாடி வந்து மோதும், வளைவில் திரும்பினால் வெளிப்பக்கம் ஏறும். அதனால் தொட்டிக்குள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை வரிசையாக வெல்டிங் பண்ணுவோம். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டிதான் ஆபத்து, அலையடிக்க இடம் இருக்கிறதே! வத்தலகுண்டு ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் பாதித் தண்ணியோடு வண்டி இறக்குகிற டிரைவரிடம் கேட்டுப் பாருங்க, ஸ்டியரிங் எப்படி இழுக்கும் என்று அவர் சொல்வார்.

சரி, இந்த வண்டியை யார் வாங்குகிறார்கள்? அரசியலமைப்பின் 12-வது அட்டவணை, 1992-இல் வந்த 74-வது திருத்தம், நகராட்சிகளிடம் கொடுக்கத்தக்க வேலைகளில் தீயணைப்பையும் சேர்த்திருக்கிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியுடையது, வண்டியையும் மாநகராட்சியே வாங்கும். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே அது மாநில அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கொடைக்கானல் நகராட்சியோ பண்ணைக்காடு பேரூராட்சியோ தனக்கு வேண்டிய வண்டியைத் தானே ஆர்டர் கொடுப்பதில்லை.

இதில் ஒரு வசதி உண்டு. ஏழை ஊர், பணக்கார ஊர் என்று பார்க்காமல் ஒரே தரத்தில் வண்டி கிடைக்கும். சிக்கலும் அதே இடத்தில்தான். மொத்தமாக டெண்டர் விடும்போது எல்லா வண்டிக்கும் ஒரே குறிப்பு எழுதப்படும். 1998-இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, குறிப்புக்குப் பொருந்துகிறவர்களில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு ஆர்டர். திருட்டைத் தடுக்க அது வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குறிப்பில் எழுதாத ஒன்றைப் பாடி கட்டுகிறவர் செய்தால், அவர் விலை கூடும், ஆர்டர் போய்விடும்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. முன்வைப்புத் தொகை கட்டணும், வங்கி உத்தரவாதம் கொடுக்கணும், தகடும் பம்பும் கைக்காசில் வாங்கணும், வண்டி முடிந்து, சோதனை முடிந்து, ஒப்படைத்த பிறகுதான் பணம். ஒரு வருஷம் ஷெட் நிறைய வண்டி நிற்கும், மறு வருஷம் காக்கா உட்காரும். அப்போது வெல்டர்களைப் பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் புது ஆட்களைப் பிடித்து முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கணும்.

ஒரு நாள் முதலாளியிடம் கேட்டேன், "இதுல மலைக்குப் போற வண்டி எதுங்க?" என்று. "ஆர்டர்ல எல்லாம் ஒண்ணுதான்பா, உனக்கெதுக்கு அது" என்றார். அதுக்கு மேல் நான் பேசவில்லை. எனக்கும் சம்பளம் வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

வேலையை விட்டு ஊருக்கு வந்த மறுவருஷம், மேல்மலையில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒரு கிராமத்தில் விடியற்காலை தீப்பிடித்தது. தகரக் கூரை போட்ட கடை வரிசை. அதில் என் மாமாவின் கடை, உள்ளே விதைப்பூண்டு மூட்டைகள். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அந்த ரோட்டில், அந்தப் பனியில் அதைவிட வேகமாக யாராலும் வர முடியாது.

தண்ணீர் அடித்தார்கள். கணக்குப் பாருங்க: நிமிஷத்துக்கு 450 லிட்டர் அடித்தால் 4500 லிட்டர் பத்து நிமிஷம். தொட்டி காலி. ரோட்டுக்குக் கீழே ஓடையில் தண்ணி ஓடுகிறது. பம்பிலிருந்து ஓடைக்கு இருபது அடிக்கு மேல் பள்ளம். உறிஞ்சு குழாயை இறக்கினார்கள். பம்பு கத்துகிறது, தண்ணி ஏறவில்லை. இன்னொரு தடவை, மறுபடி ஒரு தடவை. டிரைவர் தம்பி வேர்த்துப்போய், "அண்ணே, கீழ டெஸ்ட்ல இதே பம்பு நல்லா இழுத்துச்சுண்ணே" என்றார். நான் பம்புப் பலகையைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியின் பெயர்ப் பட்டை. ஓரத்தில் இருந்த வெல்டிங் வரிகூட எனக்கு அடையாளம் தெரிந்தது.

ஏன் இழுக்கவில்லை? பம்பு தண்ணியை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு குழாயிலிருக்கிற காற்றை வெளியேற்றும், அப்புறம் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணியை மேலே தள்ளும். கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும். குழாய் உராய்வு, வடிகட்டி என்று மூன்று மீட்டர் போனால் ஏழு மீட்டர் கிடைக்கும். கொடைக்கானல் உயரம் சுமார் 2100 மீட்டர். இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. 10.3 இருந்த இடத்தில் எட்டு மீட்டர்தான். அதே மூன்றைக் கழித்தால் ஐந்து. எங்கள் ஓடை ஆறு மீட்டருக்குக் கீழே. பம்பில் கோளாறே இல்லை நண்பர்களே, சமவெளியில் சோதித்த பம்பு மலையில் நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் தீயை எது நிறுத்தியது தெரியுமா? கேரட் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுகிற ஒரு ஆயில் எஞ்சின் பம்பு. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடைக்கரையிலேயே வைத்து, மேலே தள்ளினார்கள். உறிஞ்சுவதற்குத்தான் காற்றின் எல்லை. தள்ளுவதற்கு அந்த எல்லை கிடையாது, எஞ்சினின் பலம்தான் கணக்கு. தொட்டி நிறைந்தது, பக்கத்து வரிசை வீடுகள் தப்பின. மாமாவின் கடை தப்பவில்லை. விடிந்தபிறகு அவர் சாம்பலைக் கிளறிக்கொண்டே கேட்டார், "நீ கட்டுன வண்டியாடா இது?" ஆமாம் என்றேன். அதுக்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இதை ஊழல் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பு எழுதியவர் சரியாக எழுதினார், சோதித்தவர் சரியாகச் சோதித்தார், நாங்களும் எழுதியபடி கட்டினோம். வண்டி எங்கே வேலை செய்யப்போகிறது என்ற ஒரு கேள்வி மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

"அப்போ ஊரே தன் வண்டியைத் தானே வாங்கட்டும்" என்று சொல்லலாம். அமெரிக்காவில் அப்படித்தான், ஒவ்வொரு ஊரும் தனக்குத் தோதாக ஆர்டர் கொடுக்கும். ஆனால் அங்கே சின்னச் சின்ன உற்பத்தியாளர்களைப் பெரிய கம்பெனிகள் வாங்கிச் சேர்த்தன. இப்போது சந்தையின் பெரும்பகுதி மூன்று கம்பெனிகள் கையில். விலை ஏறி, ஆர்டர் கொடுத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை. 2025-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரம் இதற்காக வழக்கே போட்டது. கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. சின்ன ஊர் தனியாக நின்றால் பேரம் பேச பலம் இருக்காது என்பதுதான் அங்கிருந்து தெரிகிற பாடம்.

ஆகவே வாங்குவதைத் துறையே வாங்கட்டும். குறிப்பு எழுதும்போது மலைக்குத் தனிப் பட்டியல் வேண்டும். இதுக்கு நல்ல நேரமும் இதுதான். தீயணைப்புச் சேவைகளை நவீனமாக்க 2023-இல் மத்திய அரசு 5000 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. அதே வருஷம் ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளை ஓட்டக்கூடாது என்ற விதியும் வந்தது. பழையது போய்ப் புதியது வருகிற காலம். இப்போது தப்பாக வாங்கினால் இன்னும் 15 வருஷம் அதோடுதான் வாழணும்.

ஒரு வெல்டராக நான் கேட்பது மூன்றே. ஒன்று, வளைவில் சுலபமாகத் திரும்புகிற சின்ன சேஸிஸ். இரண்டு, மலைக்கு வருகிற ஒவ்வொரு வண்டியிலும் இறக்கித் தூக்கிப்போகிற ஒரு கைப்பம்பு, அதாவது அந்தக் கேரட் தோட்டப் பம்பு மாதிரி. மூன்று, ஒப்படைக்கும் சோதனையில் ஒரு தடவையாவது வண்டியை மேலே கொண்டுவந்து ஓடையில் குழாயை இறக்கிப் பார்க்கணும்.

உள்ளூரில் நாமே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ரோட்டு மட்டத்திலேயே, வண்டி பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓடைத் தண்ணியைக் குழாயில் விட்டால் தானாக நிறையும். அதுக்குப் பஞ்சாயத்து போதும். இங்கே தீக்காலம் பிப்ரவரியில் தொடங்கிவிடும். ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து கேளுங்க.

மாமா கடையைத் திரும்பக் கட்டிவிட்டார். அந்தக் கடைக்கு முன்னாடி அப்படி ஒரு தொட்டி இப்போது இருக்கிறது. இரும்பு வேலை என்னுடையது, கூலி வாங்கவில்லை.