மக்களை நிற்கவைக்காத தலைமை
(வெள்ளிவிழாச் சொற்பொழிவு)



25 ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில் யூதர்களின் மறைநூலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் விடுதலை பெற்ற கதையைச் சேரித் தேவாலயங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அண்ணல் அம்பேத்கரும் மோசேயைப் பற்றி எழுதியுள்ளார். ஆயினும், விடுதலை பெற்றவர்கள் எவ்வாறு ஒரு சமுதாயமாயினர் என்பதை யூத உரையாசிரியர்கள் விளக்கும் முறையை நாம் அதிகம் அறியோம்.

சீனாய் மலையடியில் அம்மக்கள் பாளையமிறங்கியதைக் கூறுமிடத்தில் எபிரெய மூலம் ஒருமை வினையை ஆள்கிறது. ஒரே மனிதரைப்போல், ஒரே உள்ளத்தோடு இறங்கினர் என்பது 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்பாரின் உரை. மற்ற இடங்களில் முறுமுறுப்பும் பூசலுமே இருந்தன என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்துள்ளன. நம் பிள்ளைகள் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே வாயிலில் நுழைகின்றனர். ஒப்பந்தம் முடிந்ததும் தனித்தனியே வீடு திரும்புகின்றனர். நெருங்கியிருப்பது வேறு, சமுதாயமாயிருப்பது வேறு.

மோசே காலை முதல் மாலை வரை தாம் ஒருவரே அமர்ந்து வழக்குகளைக் கேட்டார். அதைக் கண்ட மாமனார் எத்திரோ வருந்தினார். மோசே அரசரைப்போல் அமர்ந்திருக்க, மக்கள் அனைவரும் நின்றுகொண்டிருந்தனர். அது மக்களின் மதிப்பைக் குறைப்பதாக அவருக்குப் பட்டது என்கிறார் ராஷி. பண்ணையார் திண்ணைமுன் கைகட்டி நின்றோரின் வழிவந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அமர்ந்திருந்தவர் பகைவரல்லர், மீட்பர் என்பதே எண்ணத்தக்கது.

1,000 பேருக்கும், 100 பேருக்கும், 50 பேருக்கும், 10 பேருக்கும் ஒவ்வொரு தலைவரை ஏற்படுத்துமாறு எத்திரோ அறிவுரை கூறினார். ஆடவர் 6 லட்சம் எனக் கொண்டு, முறையே 600, 6,000, 12,000, 60,000 தலைவர்கள் என்று ராஷி கணக்கிடுகிறார். கூட்டினால் 78,600, ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர் பொறுப்பாளர்!

பின்னர், செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர், ஆண்மகவின்றி இறந்த தந்தையின் நிலப்பங்கைச் சபைமுன் கேட்டனர். மோசேயிடம் விடையில்லை. அவர்கள் கேட்டது நியாயமே என இறைவன் தீர்ப்பளித்தார். மோசே காணாததை அப்பெண்கள் கண்டனர் என்பது உரை.

நிலம் என்றதும் நம் மண் நினைவுக்கு வருகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையையொட்டி 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. அவற்றுள் பல கைமாறிப் போயின. காரணையில் அந்நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில், ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். கேட்க முன்வருவோர் இல்லையேல் ஆணை ஏட்டிலேயே உறங்கும்.

இறுதியாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். இச்சங்கத்தின் சாவியும் கணக்கேடும் 25 ஆண்டுகளாக மூத்தோராகிய நம் சிலர் கையிலேயே உள்ளன. உதவித்தொகை கேட்டு வரும் மாணவியர் இன்றும் நம் மேசைமுன் நின்றே பேசுகின்றனர். தெருவுக்கு ஒருவராய், ஆண்களும் பெண்களும் சரிபாதியாய், பொறுப்பைப் பகிர்ந்தளிப்போம். அதற்கு முதற்பணியாக, நாளைக் காலையே அம்மேசைமுன் நாற்காலிகளை இடுவோம்.