திமிங்கில வேட்டை

திமிங்கிலம் என்பது வடமொழியினின்று நாம் பெற்ற சொல். திமி என்னும் பெருமீனையும் விழுங்கவல்லது என்பது அதன் பொருள். ஆயினும் திமிங்கிலம் மீனன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் விலங்கே அது. அவற்றுள் நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளர்வது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டியைத்தான் அது ஈனுகின்றது.

இவ்வுயிரை வாணிகம் எவ்வாறு மதித்தது? சவர்க்காரத்திற்கும் மார்கரினுக்கும் வேண்டிய எண்ணெயாகவே மதித்தது. 1946-இல் வாஷிங்டனில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் வழியே அமைந்த சர்வதேசத் திமிங்கில ஆணையம், தென்துருவக் கடல் வேட்டைக்கு ஆண்டுதோறும் ஓர் உச்ச அளவை வகுத்தது. ஆனால் அந்த அளவையின் அலகைக் கவனியுங்கள்: ஒரு நீலத் திமிங்கிலத்திற்கு இரண்டு துடுப்புத் திமிங்கிலம் ஈடு, இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கிலம் ஈடு, ஆறு சேய்த் திமிங்கிலம் ஈடு. எண்ணெய்க் கணக்கில் இது பொருந்தும்; உயிர்க் கணக்கில் பொருந்துமா? எவ்வினம் அருகுகின்றது என்பதை இக்கணக்கு உணர்த்தவில்லை. ஆகவே, அருகிவிட்ட நீலத் திமிங்கிலம் எதிர்ப்பட்டபோதும் வேட்டைக்காரர் அதை விடவில்லை. வட்டியை உண்பதாக எண்ணியவர்கள் முதலுக்கே மோசம் செய்துவிட்டனர். இந்த அலகு 1972-இல்தான் கைவிடப்பட்டது.

வரம்பை மீறியோரும் உண்டு. அரபிக் கடலில் வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள், தம் இனத்துப் பிறவற்றைப் போலத் துருவக் கடலுக்குச் செல்வதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே தங்குவன. 1966-இல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் கரைக்கு அப்பால் இவற்றுள் இருநூறுக்கு மேற்பட்டவற்றைச் சட்டவிரோதமாகக் கொன்றன. பல்லாண்டுகளுக்குப் பின்னரே உண்மை வெளிப்பட்டது. பின்னாளில் ஓமான் கரையில் நிகழ்ந்த ஆய்வு, அங்கு எஞ்சியவை ஏறக்குறைய 80 என்றே மதிப்பிட்டது. மும்பையிலும் குஜராத்திலும் வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் கடலின் கதை இது.

இந்தியப் பெருங்கடல் 1979-இல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1982-இல் வாணிக வேட்டையை நிறுத்திவைக்க ஆணையம் தீர்மானித்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பல கடல்களில் மீண்டும் பெருகியுள்ளன. தடை பயன் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனினும் நார்வே அத்தடையை ஏற்கவில்லை. ஜப்பான் 2019-இல் ஆணையத்தினின்று விலகித் தன் கடற்பகுதியில் வேட்டையைத் தொடங்கியது. 2024-இல் துடுப்புத் திமிங்கிலத்தையும் வேட்டைப் பட்டியலில் சேர்த்தது. இது தம் முன்னோர் உணவு என்றும், மிகுந்துள்ள இனங்களையே அளவறிந்து பிடிக்கின்றோம் என்றும் அந்நாட்டார் கூறுகின்றனர். பிறர் உணவைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அளவு வகுத்தும் அழிவைத் தடுக்க இயலாமற்போனதை உலகம் ஒருமுறை கண்டுவிட்டது. கப்பல் மோதியும் வலையிற் சிக்கியும் இன்றும் திமிங்கிலங்கள் மடிகின்றன. இவற்றோடு வாணிக வேட்டையும் சேர்ந்தால், மெல்லப் பெருகும் இவ்வினங்கள் தாங்குமோ?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கிலங்களைக் காக்கின்றது. கடலுக்கோ எல்லைக் கல் இல்லை. ஆதலின் உலகத் தடை தளராமல் நிற்க வேண்டும் என்று நாம் உரத்துச் சொல்வது கடமையாகும்.