அறியாத பற்று

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பற்று என்றால் நம் பெரியோர்க்கு ஒரு பொருள்; வர்த்தக பாடம் பயின்ற மாணவர்க்கு இன்னொரு பொருள். முன்னது விடவேண்டியது. பின்னது வங்கிக் கணக்குக் கூற்றிலே காண்பது. அதனை விடாது தொடர்ந்து விசாரிக்க வேண்டும். நமக்குத் தெரியாமல் நமது கணக்கில் ஒரு பற்று விழுந்திருக்கக் கண்டால் யாது செய்வது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது அற்ப விடயமன்று. ஓய்வூதியமும் வங்கிக்கே வருகிறது; வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணமும் வங்கிக்கே வருகிறது. ஆயினும், வந்த கூற்றைப் பிரித்துப் பாராதார் பலர். பார்த்தவர்களிலும் சிலர் வாய் திறப்பதில்லை. "வங்கி பிழை விடுமா?" என்ற அச்சம் ஒருபுறம், "ஏமாந்துவிட்டார் என்று ஊர் சிரிக்குமே" என்ற வெட்கம் மறுபுறம். இன்னும் சிலர் எதையும் ஆராயாமல், வீட்டில் அட்டையைக் கையாளும் பிள்ளைமேல் பழியைப் போட்டுவிடுகின்றனர். போன பணம் திரும்பி வரலாம். அந்தப் பிள்ளையின் மனம் திரும்புமா?

ஆதலால் முதற்கடமை ஆராய்தல். கடைப்பலகையில் ஒரு பெயர் இருக்கும். கூற்றிலே அதன் உரிமையாளரான கம்பனியின் பெயர் இருக்கும். சனிக்கிழமை வாங்கிய பொருள் திங்கட்கிழமைத் திகதியில் பதியப்படலாம். வெளிநாட்டு நாணயத்திற் செலுத்தியது ரூபாவாக மாறும்போது தொகை வேறுபடலாம். அட்டையின் ஆண்டுக் கட்டணமும் இருக்கலாம். முதல் மாதம் இலவசம் என்று அட்டை இலக்கத்தைப் பெற்றுக்கொண்ட சேவை, அடுத்த மாதம் தானாகவே பணம் எடுக்கும். இவற்றையெல்லாம் பற்றுச்சீட்டுகளோடும் குறுஞ்செய்திகளோடும் ஒப்பிட்டு, வீட்டாரிடமும் அமைதியாகக் கேட்டறிய வேண்டும். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

தாம் வாங்கியதையே "வாங்கவில்லை" என்று மறுத்துப் பணத்தை மீளப் பெற முயல்வோரும் உளர். அதுவும் களவே. உண்மையாக முறையிடுவோரின் சொல்லையும் அது மதிப்பிழக்கச் செய்கிறது.

ஆராய்ந்தபின்னும் தெரியாத பற்றாயின், ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. நூறு ரூபாதானே என்று விடுதலும் ஆகாது. திருடிய அட்டை இலக்கம் வேலை செய்கிறதா என்று முதலிற் சிறு தொகையிலே சோதித்து, பின்னரே பெருந்தொகையிற் கைவைப்பது கள்வர் வழக்கம். அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, முதலில் அட்டையை நிறுத்துவியுங்கள். பேசிய நேரம், அலுவலர் பெயர், முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் எழுத்திலே முறையிட்டு, பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமது வங்கி, கடைக்காரரின் வங்கியூடாக அவரிடம் சான்று கேட்கும். இவ்வாறு பிணக்கை எழுப்புவதற்குக் காலவெல்லை உண்டு. வீசா, மாஸ்டர்காட் என்னும் இரண்டின் விதிகளிலும் பெரும்பாலான பிணக்குகளுக்கு அது 120 நாள். வங்கி வாடிக்கையாளருக்கு விதிக்கும் தவணை இதனினும் குறுகியதாக இருக்கலாம். கடனட்டையாயின், பிணக்கிலுள்ள தொகை தவிர்ந்த மிகுதியை உரிய நாளிற் செலுத்திவிட வேண்டும். இன்றேல் வட்டி ஏறும். வரவட்டையாயின் பணம் ஏற்கெனவே கணக்கைவிட்டுப் போயிருக்கும். அங்கே விரைவு இன்னும் அவசியம்.

இவ்வேளையில் "பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாரேனும் அழைத்து, இரகசிய இலக்கத்தையோ குறுஞ்செய்தியில் வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்டால், அவர் வங்கியாரல்லர், இரண்டாங் கள்வர். பேச்சை உடனே நிறுத்திவிடுங்கள்.

வங்கியின் மறுமொழி திருப்தி தராவிடின் கதவு அடைபட்டுவிடவில்லை. இலங்கை மத்திய வங்கி 2020 இல் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அமைத்தது. 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் எழுதலாம். மோசடியாயின் பொலிசிலும் முறையிடலாம். அட்டை மோசடிகளுக்கென்றே 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

பெரியோர்களே, கணக்குக் கேட்பது அவமரியாதையன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றவர்கள் நம் முன்னோர். ஏமாற்றியவன் வெட்கப்படாதிருக்க, ஏமாற்றப்பட்டவர் வெட்கப்படுவது எந்த நியாயம்?

தோழர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மாலை, உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு பெரியவருடன் அமர்ந்து, அவருடைய கூற்றை வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். அவருடைய இரகசிய இலக்கத்தை மட்டும் கேளாதீர்கள். அவர் தாமாகச் சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள். அவர்களுடைய பணத்தைக் காப்பதோடு, நம்மீது அவர்கள் வைத்த நம்பிக்கையையும் அவ்வாறே காத்தவர்களாவோம்.