காய்ச்சலும் பாய்ச்சலும் கார்பன் கணக்கும்



"நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணி கட்டுங்க, கார்பன் பணம் வரும்" என்று யாராவது உங்க ஊருக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒரு விஷயத்தைக் கேளுங்கள். அடிப்படை அளவு எது?

வயலில் தண்ணீர் தேங்கியே நின்றால் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. மீத்தேன் வாயு கிளம்பும். அவ்வப்போது காயவிட்டால் குறையும். எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, முன்பு எவ்வளவு வந்தது என்று தெரியணுமே, அதுதான் அடிப்படை அளவு.

வயலுக்கு வயல் அளந்தால் வருகிற பணம் அளக்கவே போய்விடும். ஆகவே வட்டாரத்துக்குப் பொதுவான அளவு வைத்துக்கொள்ள 2010-ல் கான்கூன் ஐ.நா. மாநாடு வழி செய்தது.

2019-ல் ஐ.பி.சி.சி. தெற்காசியாவுக்குச் சொன்ன அளவு, நீர் தேங்கி நிற்கும், தழையுரம் இடாத வயலில் நாளுக்கு ஹெக்டேருக்கு 0.85 கிலோ. 110 நாளைக்கு ஏக்கருக்குச் சுமார் 38 கிலோ ஆகிறது. பலமுறை காயவிட்டால் 17 கிலோ குறையும். அது அரை டன் கரியமில வாயுவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். ஆக, ஒரு போகத்தில் இரண்டு ஏக்கருக்கு ஏறக்குறைய ஒன்றுதான்!

ஏற்கெனவே காயவிடும் வயலைத் தேங்கும் வயல் என்று எழுதினால் கணக்கே பொய். 2024-ல் சீனாவின் 37 நெல் திட்டங்களை விதிப்படி இல்லையென்று வெரா நிறுவனம் தள்ளிவிட்டது.

ஆகவே உங்கள் பழைய தண்ணீர் முறையை உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்றும் எழுதி வாங்குங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடாதீர்கள்.