பஞ்சாரத்துக்குள் ஒரு பந்தி



கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்காக இந்த வானொலிப் பேச்சு. பண்ணைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குக் கொட்டகை முழுக்க ஒரே வயது, ஒரே தீவனம், கணக்குச் சுலபம். கொல்லையில் அப்படியா? முட்டையிடும் பெட்டை நாலு, சேவல் ஒன்று, இன்னும் முட்டைக்கு வராத விடைகள் ஐந்தாறு, போன வாரம் பொரித்த குஞ்சுகள் ஒரு கூட்டம். அத்தனைக்கும் ஒரே முற்றம், ஒரே கைப்பிடிக் கம்பு. இறைத்ததும் யார் தின்பது? சேவலும் பெரிய பெட்டைகளும்தான். குஞ்சு ஓரமாகக் கொத்து வாங்கிக்கொண்டு நிற்கும்.

கால்நடை மருத்துவராக ஊர் ஊராகப் போன காலத்தில், "டாக்டரே, குஞ்சு நல்லாத்தான் பொரிக்குது, தேற மாட்டேங்குது" என்ற புலம்பலைத்தான் அதிகம் கேட்டேன். பல வீடுகளில் நோயே இருக்காது, பசிதான் இருக்கும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி, அதைத் தவறவிடாதீர்கள். அதற்கு மேல் நோய்ப் பேச்சு இன்று வேண்டாம். தீனியைப் பேசுவோம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பாட்டி வீட்டில் பார்த்தேன். பஞ்சாரம் நமக்கெல்லாம் கோழியைக் கவிழ்த்து மூட. அந்தப் பாட்டியோ பட்டப்பகலில் பஞ்சாரத்தை மூன்று அரைச்செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார். உள்ளே தட்டில் தீனி. அடியில் இருந்த இடைவெளியில் குஞ்சுகள் ஓடிப்போய் நிம்மதியாகத் தின்கின்றன. சேவல் வெளியே சுற்றிச் சுற்றி வருகிறது, தலைதான் நுழைகிறது, உடம்பு நுழையவில்லை. கல்யாண வீட்டில் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதுபோல இருந்தது. "யார் சொல்லிக் கொடுத்தாங்க பாட்டி?" என்றேன். "இதுக்கு யாரு சொல்லணும்? சேவ திங்கிறத எத்தன நாளு பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்றார். குஞ்சு வளர வளரச் செங்கல்லைக் கொஞ்சம் உயர்த்துங்கள். தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போட மறக்காதீர்கள், சின்னக் குஞ்சு தட்டுத் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துப்போகும்.

அந்தத் தட்டில் என்ன இருக்க வேண்டும்? முதல் எட்டு வாரம் குஞ்சுக்குத் தீனியில் 20 சதவீதத்தை ஒட்டிப் புரதம் வேண்டும். குருணையிலும் கம்பிலும் அதில் பாதிதான் கிடைக்கும். மீதிக்குப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் சேர்க்கலாம். கடலைப் புண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் தூக்கி எறியுங்கள், அந்த நஞ்சு நேராக ஈரலைத் தாக்கும்.

காசில்லாமல் கிடைக்கிற புரதம் ஒன்று இருக்கிறது. நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டினாலும் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். கரையான்! பழைய மண்பானை ஒன்று எடுங்கள். உள்ளே கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணம், மட்டை, ஓலை எது கிடைத்தாலும் திணியுங்கள். தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும், வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். சூடு ஏறினால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பானையை முற்றத்தில் தட்டும்போது குஞ்சுகள் வருகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! தாய்க்கோழி கொக்கரித்துக் கூப்பிடக்கூடத் தேவையில்லை. சில ஊர்களில் பானைச் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டுக் கோழியும் வேலி தாண்டிவிடும், அதனால் வந்த சண்டையைத் தீர்த்துவைக்கவும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கரையானுக்கு மருந்தடித்த இடத்தில் பானை வைக்காதீர்கள். தினப்படித் தீனிக்கு மேல் ஒரு கைப்பிடிதான் இது, இதுவே தீனியாகிவிடக் கூடாது.

இனி முட்டைக் கோழிகள். கடையில் விற்கிற முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும். வளரும் கோழிக்கு ஒரு சதவீதமே தாராளம். ஒரு வீட்டில், சீக்கிரம் முட்டைக்கு வரட்டும் என்று விடைகளுக்கெல்லாம் அந்தத் தீவனத்தையே போட்டு வந்தார்கள். இரண்டு மூன்று செத்ததும் என்னிடம் கொண்டுவந்தார்கள். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் வீங்கி, ஈரல்மேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் படிவம்.

வழி எளிது. பஞ்சாரத்துக்குள் தின்கிற குஞ்சுகள் போக, மற்ற எல்லா வயதுக்கும் வளரும் கோழித் தீவனத்தையே பொதுவாக வையுங்கள். மருந்து கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள், முட்டையை நாம்தான் தின்கிறோம். சுண்ணாம்புச் சத்தை மட்டும் தனியாக ஒரு கொட்டாங்குச்சியில், கிளிஞ்சல் தூளாக வைத்துவிடுங்கள். முட்டையிடுகிற கோழி தேடிவந்து தின்னும், குறிப்பாகச் சாயங்காலத்தில். இரவெல்லாம் அதன் வயிற்றில் முட்டை ஓடு உருவாகிக்கொண்டிருக்கும். விடையும் சேவலும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போய்விடும். கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டை வறுத்து நுணுக்கிப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் சொந்த முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

அடைக்கிற நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் கழுத்தடியிலும் விரல் வைத்துப் பாருங்கள். தீனிப்பை திரண்டிருந்தால் அது வயிறாரத் தின்றிருக்கிறது. அப்படியே மிச்சத் தீனியையும் கூட்டி அள்ளிவிடுங்கள். காவல் அங்கேதான் தொடங்குகிறது. இரவில் கிடக்கும் தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், வந்த பாம்பு முட்டையையும் குஞ்சையும் சேர்த்து விழுங்கும்.

ராத்திரியில் கோழி போனால் எல்லோரும் கீரியைத்தான் திட்டுகிறார்கள். கீரி பகலில் வேட்டையாடுவது. இரவில் கூரைவழியாக வருவது பெரும்பாலும் மரநாய். ஒரு வீட்டில் கதவெல்லாம் பத்திரம், மேலே ஒரு ஓடு மட்டும் விலகியிருந்தது. தீவன மூட்டையையும் கூட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், அதைத் தேடி வந்த எலியின் வாடைக்கே மரநாய் வந்திருக்கும்.  ஏறுவதில் மரநாயை மிஞ்ச ஆளில்லை. விஷம், கண்ணி எதுவும் வேண்டாம். கீரியும் மரநாயும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. விஷத்தை வீட்டு நாயும் தின்னும். கோழிவலை என்று விற்கிற மெல்லிய கம்பி கோழியை உள்ளே நிறுத்தும், கடிக்கிற பிராணியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்கி, கூட்டைச் சுற்றி ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள்.

சைகை காட்டிவிட்டார்கள், நேரம் முடிந்தது. உங்கள் குஞ்சுகளெல்லாம் தேறட்டும். உங்கள் ஊரில் கரையான் பானைக்குள் வேறு என்ன திணிக்கிறீர்கள் என்று நிலையத்துக்கு எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.