கையின் கருவி: தெரமினும் அதன் வாரிசுகளும்



மின்னணு இசைக்கருவிகளின் வரலாறு பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு என்னைத் தலைமை ஏற்கச் செய்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தலைமை உரையில் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது வழக்கம். அந்த வேலையை வரப்போகும் அமர்வுகள் என்னைவிட நன்றாகச் செய்யும். ஆகவே ஒரே ஒரு கருவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தொடாமலே வாசிக்கப்படும் தெரமின். ஜனரஞ்சக இசையிலும் மின்னணு இசையிலும் அதன் செல்வாக்கு என்று பேசும்போது, நாம் அதைத் தவறான இடத்தில் தேடுகிறோம் என்று கருதுகிறேன். ஒரு பழைய படத்தில் ஊளையிடும் ஒலி கேட்டால் 'தெரமின்' என்று குறித்துக்கொள்கிறோம். அந்த ஒலி எங்கெங்கே கேட்கிறது என்று பட்டியல் போடுகிறோம். அந்தக் கருவி தன் தடத்தை விட்டுச் சென்றது ஒலியில் அல்ல. வாசிப்பவரின் உடலுக்கும் ஒலிக்கும் இடையே அது ஏற்படுத்திய புதிய உறவில்தான்.

இதை விளக்கக் கருவியின் உள்ளே சற்றுப் போக வேண்டும். இதை உருவாக்கிய லெவ் தெர்மென் 1896இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். இயற்பியலோடு செல்லோவும் முறையாகப் பயின்றவர். ரஷ்ய உள்நாட்டுப் போர்க் காலத்தில், பெத்ரோகிராது என்று பெயர் மாறியிருந்த அதே நகரில் இயற்பியலாளர் ஆப்ரம் யோஃபே நடத்திய ஆய்வு நிறுவனத்தில், வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் சாதனம் ஒன்றில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். கை அருகே வரும்போதெல்லாம் காதில் கேட்கும் ஒலியின் சுருதி மாறியது. அளவீட்டுக்கு இது இடையூறு. செல்லோ வாசித்த காதுக்கோ அது ஸ்வரம். தமக்குத் தெரிந்த மெட்டுகளை அதில் எடுத்துப் பார்த்தார். 1920 வாக்கில் கருவி உருவாகிவிட்டது.

அதற்குள் இரண்டு அலையியற்றிகள் இருக்கின்றன. இரண்டும் நம் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்கின்றன. ஒன்று நிலையானது, மற்றது நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பியோடு இணைந்தது. வலது கை கம்பியை நெருங்கும்போது கம்பியின் மின்தேக்குத்திறன் மிகச் சிறிதளவு கூடுகிறது. அதனால் இரண்டாவது அலையியற்றியின் அதிர்வெண் குறைகிறது. எடுத்துக்காட்டாக, முதலாவது விநாடிக்கு 3,00,000 முறையும் இரண்டாவது 2,99,560 முறையும் அதிர்வதாக வைத்துக்கொள்வோம். இவை கலந்து எழும் விம்மல்தான் நாம் கேட்கும் ஒலி; இங்கே அது 440 ஹெர்ட்ஸ். அலையியற்றியில் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்குகூட மாறவில்லை. கேட்பவருக்கோ மௌனத்திலிருந்து ஒரு முழு ஸ்வரம் பிறந்துவிட்டது. இடது கை பக்கவாட்டில் உள்ள வளையக் கம்பியை நெருங்கினால் ஒலி அடங்கும், விலகினால் எழும்.

இந்த நுண்மைதான் கருவியின் வரம். அதன் கொடுமையும் அதுவே. நம் கோட்டுவாத்தியத்தில் மெட்டுகள் இல்லை என்றாலும் உருளைக்கு அடியில் தந்தி இருக்கிறது. கை எங்கே நிற்கிறது என்பதை அது கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தெரமினில் கைக்கு எந்தச் சேதியும் வராது. காது ஒன்றுதான் வழிகாட்டி. கை மட்டுமல்ல, வாசிப்பவரின் தோள், தலை, மூச்சு வாங்கும் மார்பு எல்லாமே அந்த மின்புலத்துக்குள் இருக்கின்றன. சற்றுச் சாய்ந்தாலும் சுருதி விலகும். ஆகவே அசைவால் வாசிக்கப்படும் இந்தக் கருவியின் முன்னால், வேண்டாத அசைவு ஒன்றுகூட இல்லாமல் நிற்கப் பழக வேண்டும்.

1922இல் கிரெம்ளினில் லெனினுக்கு இதை வாசித்துக் காட்டினார் தெர்மென். லெனினும் கிளிங்காவின் ஒரு பாடலை வாசித்துப் பார்த்தார். 1927இல் ஐரோப்பிய நகரங்களில் நிகழ்ச்சிகள், ஆண்டு முடிவதற்குள் நியூயார்க். 1929இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் இதை வீட்டுக் கருவியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முணுமுணுக்கவோ சீட்டியடிக்கவோ தெரிந்தவர் எவரும் வாசித்துவிடலாம் என்பது விளம்பரத்தின் வாக்குறுதி. சுமார் 500 கருவிகள் தயாராயின. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் பங்குச் சந்தை சரிந்தது. விற்பனை படுத்ததற்குப் பொருளாதார வீழ்ச்சியைக் காரணம் காட்டுவது வழக்கம். எனக்கு அந்த வாக்குறுதியும் பாதிக் காரணமாகப் படுகிறது. எளிது என்று நம்பி வாங்கியவருக்கு, ஒரு தாலாட்டைச் சுருதி பிசகாமல் எடுக்க மாதக்கணக்கில் சாதகம் வேண்டும் என்று தெரிந்தபோது என்ன தோன்றியிருக்கும்?

இங்கேதான் கிளாரா ராக்மோர் வருகிறார். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். பல வரலாறுகளில் இவர் கண்டுபிடிப்பாளருக்குப் பக்கத்தில் நிற்கும் அழகிய நிழலாக மட்டுமே வருகிறார், அது அநீதி. 1911இல் வில்னியஸில் பிறந்தவர். ஐந்து வயது நிரம்புவதற்கு முன்பே பெத்ரோகிராது இசைக்கல்லூரியில் வயலின் மாணவியாகச் சேர்க்கப்பட்டவர். வயலின் ஆசான் லியோபோல்ட் அவுரிடம் பயின்றவர். பதின்ம வயதில் எலும்பு பலவீனத்தால் வயலினைக் கைவிட நேர்ந்தது. நியூயார்க்கில் தெர்மெனின் கருவி அவர் கைக்கு வந்தது. அதை அவர் அதிசயப் பொருளாகப் பார்க்கவே இல்லை. வயலினுக்கு உரிய ஒழுக்கத்தை அப்படியே அதனிடம் எதிர்பார்த்தார். வலது கை விரல்களை மடக்கியும் விரித்தும், கையை நகர்த்தாமலே அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தாவிப் பிடிக்கும் விரலமைப்பு ஒன்றை உருவாக்கினார். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும் கருவியில், வழுக்கலை வேண்டும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும் ஆற்றல் அதனால் வந்தது.

கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும் என்றார். இடது கைக்கு ஒலி உடனுக்குடன் பணிய வேண்டும், இல்லையேல் ஸ்வரங்களை வெட்டி வெட்டி வாசிக்க முடியாது என்றார். தெர்மென் அவருக்கென்றே அத்தகைய கருவியைக் கட்டிக்கொடுத்தார். 1934இல் நியூயார்க் டவுன் ஹாலில் தனிக் கச்சேரி. பின்னர் பாடகர் பால் ராப்சனோடு ஊர் ஊராக மேடைகள். 1977இல் அவரது இசைத்தட்டு வெளிவந்தது. பியானோவில் அவருடைய அக்கா நாடியா ரைசன்பெர்க். அதில் ராக்மனினாஃபின் 'வோக்கலிஸ்' கேளுங்கள். தெரமின் என்றால் நடுங்கும் ஊளை என்று எழுதிய எவரும் அதைக் கேட்ட பிறகு அப்படி எழுத மாட்டார்கள்.

கண்டுபிடித்தவரோ 1938இல் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். மறு ஆண்டே கைதாகி கொலிமா உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு சிறைக்குள்ளேயே இயங்கிய ஆய்வுக்கூடங்களில் பல்லாண்டு உழைத்தார். வெளியுலகம் அவரை இறந்தவராகவே எண்ணியது. அமெரிக்காவில் அவருடைய கருவி அவர் இல்லாமலே வளர்ந்தது, அல்லது திசை மாறியது.

திசை மாற்றியது ஹாலிவுட். 1945இல் வெளிவந்த 'ஸ்பெல்பவுண்ட்', 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' இரண்டு படங்களிலும் இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஜா தெரமினைப் பயன்படுத்தினார். முன்னதில் நினைவிழந்தவனின் திகில். பின்னதில் குடிக்கு அடிமையானவனின் வேட்கை. 'ஸ்பெல்பவுண்ட்' அவருக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்தது. வாசித்தவர் சாமுவேல் ஹாஃப்மன், தொழிலால் கால் மருத்துவர். 1951இல் பெர்னார்ட் ஹெர்மன் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு இரண்டு தெரமின்களை வைத்தார். இவை மட்டமான வேலைகள் அல்ல. ரோஜாவின் இசையில் அந்தக் கருவி மனித மனத்தின் உள்ளறையைத் திறக்கிறது. ஆனால் பின்வந்தவர்கள் மனத்தை விட்டுவிட்டு வேற்றுக்கிரகவாசியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தெரமின் ஒரு முத்திரையாகிவிட்டது. ஷோஸ்டகோவிச் 1931லேயே 'ஒத்னா' படத்துக்குப் பயன்படுத்திய, இசையமைப்பாளர்கள் வரேஸும் கிரெய்ஞ்சரும் புதிய இசைக்குத் தேடிச் சென்ற கருவி அது என்பது மறந்தே போனது.

முத்திரை குத்தினால் அடையாளம் குழம்பும். 'பர்பிடன் பிளானட்' படத்தில் தெரமின் இல்லை. லூயி பேரன், பெபே பேரன் இணையர் கட்டிய மின்சுற்றுகளே ஒலித்தன. 'டாக்டர் ஹூ' முகப்பிசையில் தெரமின் இல்லை. டெலியா டெர்பிஷையர் அலையியற்றி ஒலிகளை நாடாவில் வெட்டி ஒட்டிச் செய்தது அது. 'ஸ்டார் டிரெக்' முகப்பில் உயரே மிதப்பது ஒரு பெண்ணின் குரல். 1966இல் பீச் பாய்ஸ் வெளியிட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' பாடலில் வருவது பால் டேனர் வாசித்த மற்றொரு கருவி. உள்ளே ஓர் அலையியற்றி, வெளியே இடக்குறிகள் இட்ட பட்டையின் மேல் நகரும் பிடி. டேனர் அடிப்படையில் டிராம்போன் கலைஞர். குழாயை இழுத்து ஸ்வரம் பிடித்துப் பழகிய கைக்கு இந்தப் பிடி இயல்பாக அமைந்தது.

இது வெறும் பெயர்த் திருத்தம் அல்ல. ஒரே மாதிரி கேட்கும் இரண்டு ஒலிகளைப் பிறப்பிக்கும் கைகள் முற்றிலும் வேறானவை. டேனரின் கருவி தொடுகையைத் திருப்பிக் கொண்டுவந்தது. இடத்தைக் கண்ணால் பார்க்கச் செய்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரும்பத் திரும்ப ஒரே சுருதி வேண்டும் என்பதற்கு அது விடை. மாறாக, 1969இல் லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாடலின் நடுப்பகுதியில் ஜிம்மி பேஜ் வாசித்தது மெய்யான தெரமின். அவர் ஸ்வரத்தைத் தேடவே இல்லை, சைகையைத் தேடினார். கையை வீசினால் ஒலி வீசப்படுகிறது, அவ்வளவுதான். ராக்மோரின் கண்டிப்பான ரசிகர்கள் இதைக் குறைவாக மதிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ராக் மேடையில் உடலே இசைக்கருவி என்ற எண்ணத்துக்கு அது நேர்மையான பயன்பாடு.

அடுத்து, மூக் சிந்தசைசரை உருவாக்கிய ராபர்ட் மூக். அவர் வழியே வந்ததுதான் என்னைப் பொறுத்தவரை தெரமினின் மிகப் பெரிய செல்வாக்கு. அது எந்தப் பாடலிலும் தனியாகக் கேட்காது. 1934இல் பிறந்த மூக் பதினான்கு வயதிலேயே தெரமின் கட்டத் தொடங்கியவர். 1961இல் டிரான்சிஸ்டர் தெரமின் பற்றி ஒரு கட்டுரை எழுதி, உதிரிபாகத் தொகுப்பை 49.95 டாலருக்கு விற்றார். ஆயிரம் அளவில் விற்றன. அத்தொகுப்பில் ஒன்றைக் கட்டியவர் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளர். 1963இல் ராச்செஸ்டரில் நடந்த இசையாசிரியர் மாநாட்டில் இருவரும் சந்தித்தார்கள். 1964இல் மூக் சிந்தசைசரின் முதல் வடிவம் பிறந்தது. சிந்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி ஓரிடம், அதை ஆளும் பகுதி வேறிடம். இடையே ஓடுவது மின்னழுத்தம் மட்டுமே. கைக்கும் ஒலிக்கும் நடுவே மரமோ தந்தியோ தோலோ வேண்டியதில்லை என்பதைத் தெரமின் கட்டிக் கட்டிக் கற்ற மனிதர் அப்படி யோசித்ததில் வியப்பில்லை. 1968இல் வெண்டி கார்லோஸின் 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' இசைத்தட்டு அந்தக் கருவியை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. மறு ஆண்டே ஒரு மூக் கருவி அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கே அதை நிறுவ, இந்திய இசையமைப்பாளர்கள் அதில் வேலை செய்தார்கள். நம் நாட்டு மின்னணு இசையின் தொடக்கப் பதிவுகளில் அங்கே உருவானவையும் இடம்பெறுகின்றன.

மூக்கோ தெரமினை விட்டு விலகவே இல்லை. ராக்மோரின் அந்த 1977 இசைத்தட்டைத் தயாரித்தவர்கள் அவரும் அவர் மனைவி ஷர்லியும்தான். 1990களில் அவர் மீண்டும் தெரமின் செய்து விற்றார். 1991இல் தொண்ணூறைத் தாண்டிய தெர்மென் அமெரிக்கா வந்து ராக்மோரை மறுபடி சந்தித்தார். 1993இல் மாஸ்கோவில் மறைந்தார். அவரிடமே பயின்ற உறவினர் லிடியா கவீனா, விரல் நிலைகளை எட்டாக வகுத்துப் பாடநூல் எழுதிய கரோலினா ஐக் முதலியோரிடம் இன்று கலை உயிரோடு இருக்கிறது. ஃபின்லாந்தின் கலெவி ஆஹோ 2011இல் ஐக்குக்காகவே தெரமின் கான்செர்ட்டோ எழுதினார்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒரு பதிவில் தெரமின் இருக்கிறது என்று எழுதும் முன், வாசித்தவர் யார், எதை வைத்து வாசித்தார் என்று கேளுங்கள். கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமைகளைப் படிக்கும் அதே கவனத்தோடு வாசிப்பவர்களின் கைகளைப் பாருங்கள். ராக்மோரின் விரலமைப்பும் ஒரு கண்டுபிடிப்புதான். வீட்டு மேசைகளில் சூட்டுக்கோலால் பற்றவைத்துத் தெரமின் கட்டிய பெயர் தெரியாத ஆயிரம் பேரையும் வரலாற்றுக்குள் சேர்க்க வழி தேடுங்கள். டாய்ச் அவர்களில் ஒருவர்.

பிற்பகல் அமர்வில் ஒரு தெரமினை இந்த மேடைக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் கூச்சப்படாமல் ஆளுக்கு ஒரு முறை அதன் முன் நின்று பாருங்கள். காலை அமர்வின் முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.